செட்டிநாட்டுத் தரையும் வெறுஞ்சுவரும்: அடுக்ககத்தில் எங்கள் அனுபவம்

மதுரையில் நாங்கள் வாங்கிய அடுக்ககத்துக்கு உள்ளலங்காரம் செய்ய வந்த வடிவமைப்பாளர், முதல் வரைபடத்திலேயே கூடத்தில் இரண்டு தூண்களை நிறுத்தியிருந்தார். ஒட்டுப்பலகையில் செய்து தேக்கு நிறம் பூசிய, எதையும் தாங்காத தூண்கள். செட்டிநாட்டுப் பாணி வேண்டும் என்று நாங்கள் கேட்டது உண்மைதான்; பொருள்கள் குறைவாகவும் பெருக்கித் துடைக்க எளிதாகவும் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லியிருந்தோம். இரண்டும் ஒத்துவராது என்றார்.

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் சென்று பழைய வீடுகளை நிதானமாகப் பார்த்தபோது எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. முகப்பில் இருக்கும் பெல்ஜியம் கண்ணாடியும் சரவிளக்கும் வருகிறவர்கள் பார்ப்பதற்கு. வளவுக்குள், அதாவது வீட்டின் உட்பகுதிக்குள், சென்றால் திறந்த முற்றம், சுற்றிலும் தூண் வரிசை, வழுவழுப்பான வெள்ளைச் சுவர், அவ்வளவுதான். சாமான்கள் எல்லாம் சுற்றியுள்ள அறைகளுக்குள் அடங்கிவிடும். அழகு தரையிலும் மரத்திலும் சுவர்ப்பூச்சிலும் இருந்ததே தவிர, வாங்கி அடுக்கிய பொருள்களில் இல்லை. (முகப்பை மட்டும் படம்பிடித்துத் திரும்புகிறவர்கள்தாம் தூண், தூண் என்கிறார்கள் போலும்.)

ஆகவே தரைக்கும் ஒரு கதவுக்கும் மட்டும் தாராளமாகச் செலவழிப்பது என்று முடிவு செய்தோம்.

தரைக்கு ஆத்தங்குடிக் கல்லைத் தேர்ந்தோம். காரைக்குடிப் பக்கத்து ஊரான ஆத்தங்குடியில் இந்தத் தரைக்கல்லைச் செய்யும்போது, கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தையும் அச்சையும் வைத்து, அச்சின் கட்டங்களுக்குள் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அச்சைத் தூக்கிய பின் மணலும் சிமெண்டும் கலந்து இட்டு நிரப்புகிறார்கள். சூளையில் சுடுவதில்லை, தண்ணீரில் ஊறவைத்தே இறுகச் செய்கிறார்கள். கல்லின் வழவழப்பு அந்தக் கண்ணாடி தந்தது என்பதால், பதித்த பிறகு இயந்திரத்தால் தேய்த்து மட்டப்படுத்த வழியில்லை. எங்கள் கொத்தனார் நூல் பிடித்து, ஒவ்வொரு கல்லாகத் தட்டித் தடவிப் பார்த்துப் பதித்தார். பூ வேலைப்பாட்டைக் கூடத்தின் நடுவில் ஒரு கம்பளம் அளவுக்கு நிறுத்திக்கொண்டு, சுற்றிலும் அதே ஆத்தங்குடிக் கல்லை ஒற்றை நிறத்தில் போட்டோம். சுவர் முழுவதும் வெள்ளை, பொய்க்கூரை கிடையாது.

கதவு, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழைய பொருள் கடை ஒன்றில் கிடைத்த பர்மாத் தேக்கு இரட்டைக் கதவு. கண்ணாடி போட்டுச் சாப்பாட்டு மேசையாக்கலாம் என்று கடையில் யோசனை சொன்னார்கள். கதவு கதவாகவே இருக்கட்டும் என்று படிப்பறைக்கு வைத்தோம். கீல் இல்லாமல், மேலும் கீழும் நீண்டு நிலையின் குழிகளில் பொருந்தும் குடுமியில் சுழலும் கதவு என்பதால், நிலையையும் சேர்த்தே வாங்க வேண்டியிருந்தது. அந்த நிலை எங்கள் வாசலைவிடக் குட்டை. மேலே மீந்த இடைவெளியை ஆசாரி கம்பி வைத்த காற்றுச் சாளரமாக்கிவிட்டார். அறைக்கு இப்போது அதுவே காற்று.

பராமரிப்பைப் பொறுத்தவரை, தரையில் ஆசிட் படவே கூடாது. புளியோ எலுமிச்சையோ சிந்தினால் உடனே துடைத்துவிட வேண்டும்.

தொலைக்காட்சிக்கு மட்டும் இன்னும் இடம் அமையவில்லை. வெள்ளைச் சுவரில் மாட்டினால் கண்ணை உறுத்துகிறது. படுக்கையறைக்கு மாற்ற வீட்டுப் பெரியவர்கள் சம்மதிக்கவில்லை. இதைச் சமாளித்தவர்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதினால் உதவியாக இருக்கும்.