‘பதேர் பாஞ்சாலி’ சேலைக் காட்சி: அழுகிற முகம் சிரிக்கிற மாதிரி வருதே?

பென்சில்முனை:
சத்யஜித் ராயின் வங்காளப் படமான பதேர் பாஞ்சாலியில் (1955) ஊர் திரும்பும் ஹரிஹர், மகள் துர்கா இறந்தது தெரியாமல் அவளுக்கு வாங்கிவந்த சேலையை எடுத்துக் கொடுக்க, மனைவி சர்பஜயா உடைந்து அழும் இடம். 16×12 அங்குலக் கேன்வாஸ், அக்ரிலிக், கறுப்பு வெள்ளை. ஃபிரேமை நிறுத்திவைத்துப் பார்த்துத்தான் வரைகிறேன். முகம் சிரிக்கிற மாதிரி வருகிறது. சாம்பல் நிறம் நீலம் பாய்ந்து கிடக்கிறது. நிழலுக்குள் ஒன்றுமே தெரியவில்லை. எங்கே கோளாறு?

தூரிகைக்கட்டு:
வாயை முதல்ல வரைஞ்சிருப்பீங்க. சிரிப்பானாலும் அழுகையானாலும் வாய் பக்கவாட்டில்தான் இழுபடும், கன்னமும் ஏறும். காட்டிக்கொடுக்கிறது புருவம். அழும்போது மூக்குப் பக்கத்து முனை மேலே ஏறும், வெளிமுனை சரியும், நடுவில் மடிப்பு விழும். அதை முடிச்சிட்டு இமை, கடைசியில் வாய். கண்ணீரை வெள்ளைக் கோடா இழுக்காதீங்க. கன்னத்தைவிட ஒரு படி இருட்டா ஒரு தடம், அடியில் ஒரே ஒரு வெளிச்சப் புள்ளி, போதும்.

இன்னொண்ணு, படத்தின் சட்டகம் (அகலம்:உயரம்) 1.37:1, உங்க கேன்வாஸ் 1.33:1. அமுக்கிப் பொருத்தினா முகம் ஒடுங்கும். ஓரத்தை வெட்டிட்டு 8×6 கட்டம் போடுங்க. கேன்வாஸில் கட்டத்துக்கு 2 அங்குலம், கணக்கு சரியா வரும்.

சாம்பல்நிறம்:
டைட்டானியம் வெள்ளையோடு வெறும் கறுப்பைக் கலந்தால் நீலம் தட்டத்தான் செய்யும். கறுப்புக்குப் பதில் பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு) 2 பங்கு, அல்ட்ராமரைன் (அடர்நீலம்) 1 பங்கு. ஐந்து டோன்களை (வெளிச்சத்திலிருந்து இருட்டு வரையான படிகளை) முன்கூட்டியே கலந்து மூடிபோட்ட டப்பாவில் வையுங்கள். அக்ரிலிக் காய்ந்ததும் ஒரு சாயல் இருண்டுவிடும். அட்டையில் தீட்டி, காயவைத்துப் பார்த்த பிறகே கேன்வாஸுக்குப் போங்கள். ஈரத்தில் சரியாகத் தெரிந்தால் காய்ந்தபின் நிச்சயம் தவறும்.

நிழல் அடைத்திருப்பது உங்கள் தப்பில்லை. இணையத்தில் சுற்றும் பழைய பிரதிகள் பிரதிக்குப் பிரதி எடுத்தவை. இதன் மூல நெகட்டிவ் 1993 லண்டன் தீவிபத்தில் கருகியது; 2015இல் 4கே-வில் மீட்டெடுத்த பிரதியைப் பாருங்கள், நிழலுக்குள் விவரம் இருக்கும். ஒரே ஃபிரேமை நம்பவும் வேண்டாம். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடுகிறது, அசைவில் ஒவ்வொன்றும் கலங்கியிருக்கும். அடுத்தடுத்து நாலைந்து எடுத்து, இமையை ஒன்றிலிருந்தும் கையை ஒன்றிலிருந்தும் எடுங்கள்.

கோட்டோவியன்:
இதெல்லாம் சரி செய்தாலும் ஃபிரேமை அப்படியே பெயர்த்தால் படம் நிற்காது என்பது என் கட்சி. அந்த இடத்தில் சர்பஜயாவின் அழுகைக் குரலையே ராய் எடுத்துவிட்டு, தார் ஷெனாய் என்ற வில்லால் வாசிக்கும் நரம்பு வாத்தியத்தை ஒலிக்கவிட்டார். பாதி உணர்ச்சி காதில் இருக்கிறது. கேன்வாஸுக்குக் காது கிடையாது. அந்தப் பாதியை வேறு எதிலாவது ஏற்றியாக வேண்டும்.

ஓவியர் ஃபிரான்சிஸ் பேகன், ‘போர்க்கப்பல் பொட்டெம்கின்’ (1925) படத்தின் ஒடெஸா படிக்கட்டுக் காட்சியில் அலறும் தாதியை 1957இல் வரைந்தபோது படிக்கட்டும் கூட்டமும் போயே போச்சு. அலறும் வாயோடு அவள் உருவம்தான் மிச்சம். அந்த ஓவியம் ஃபிராங்க்ஃபர்ட் ஷ்டேடல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உங்களுக்கு அந்தச் சேலை இருக்கிறதே! அதை மட்டும் படத்திலேயே வெளிச்சமான இடமாக்குங்கள், முகத்தை இரண்டு டோன் இறக்குங்கள். முதலில் 2×1.5 அங்குலத்தில் மூன்றே டோனில் ஆறு ஏழு குட்டிப் படங்கள் போட்டுப் பார்த்தால் எது நிற்கும் என்று தெரிந்துவிடும்.

பென்சில்முனை:
புருவம்தான் கோளாறு, இப்போது தெரிகிறது. சேலை மடிப்புக்கு ஜெல் (வண்ணத்தைத் தடிமனாக்கும் பசை) கலந்து தடிமனாகப் பூசலாமா?

சாம்பல்நிறம்:
பூசலாம், ஒரே தடவையில் வேண்டாம். மேல்தோல் முந்திக் காய்ந்து விரிசல் விடும். மெல்லிசாக இரண்டு மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் முழுதாகக் காய்ந்த பிறகு அடுத்தது.