ஆட்டிசம் பையனோட தீம் பார்க் ட்ரிப்: பார்க்கை ஒட்டியே ரூம் போடவா, தள்ளி வீடு எடுக்கவா?

மஞ்சக்குப்பம்_அம்மா:

எல்லாருக்கும் வணக்கம், கடலூர்லேந்து எழுதறேன். பையனுக்கு 7 வயசு, ஆட்டிசம், ரெண்டு மூணு வார்த்தை தான் பேசுவான், ஆனா தண்ணின்னா உயிரு. சில்வர் பீச்சுக்கு போனா திரும்பி வீட்டுக்கு இட்டுனு வர்றதுக்குள்ள நாக்கு தள்ளிடும். பெரியவ ரொம்ப நாளா பெங்களூரு வொண்டர்லா கேட்டுனு இருக்கா, அவளும் பாவம் தம்பிக்காக எல்லாத்தையும் விட்டு குடுக்கறா, அதனால இந்த லீவுக்கு அந்த பார்க் இருக்கற பிடதிக்கு போயிடலாம்னு முடிவு பண்ணிட்டோம். பார்க்கு கூட சமாளிச்சிடுவேன், ராத்திரி தங்கறது தான் பயமா இருக்கு.

ஏன்னா போன வருஷம் ஒரு மலை ஊருக்கு போனோம், நல்ல ஓட்டல் தான், வாடகையும் ஜாஸ்தி. பாத்ரூம் லைட்ட போட்டா கூடவே எக்ஸாஸ்ட் ஃபேனும் ஓடும், ரெண்டுக்கும் ஒரே சுவிட்ச். ஙொய்ய்னு ஒரு சத்தம். பையன் ரெண்டு காதையும் பொத்திக்கினு கதவாண்ட உக்காந்துட்டான், உள்ள வரவே மாட்டேன்றான். கடைசில லைட்டே போடாம செல்போன் டார்ச்ச பக்கெட் பக்கத்துல சாத்தி வெச்சி தான் ரெண்டு நாளும் குளிக்க வெச்சேன்.

இப்ப மூணு வழி இருக்கு. பார்க்கை ஒட்டியே அவங்க ரிசார்ட் இருக்கு, காசு அதிகம் ஆனா நடந்தே ரூமுக்கு வந்துடலாம். இல்லன்னா மைசூர் ரோட்டுல கிச்சனோட சர்வீஸ் அபார்ட்மெண்ட். இல்லன்னா கெங்கேரில நாத்தனார் வீடு, அங்க தங்கினா காசு மிச்சம், ஆனா பையன் ஏன் இன்னும் பேசல எந்த கோயிலுக்கு வேண்டிக்கிட்டீங்கன்னு ஆரம்பிச்சா எனக்கு தூக்கம் மிச்சம் இருக்காது. போய் வந்தவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

கோரிமேடு_அப்பா:

அக்கா பெங்களூரு எதுக்கு, திருப்போரூர் பக்கம் இள்ளலூர்ல 2025 டிசம்பர்ல வொண்டர்லா திறந்துட்டாங்களே, நமக்கு ஈசிஆர் புடிச்சா நேரா போயிடலாம். எம்பொண்ணுக்கும் ஆட்டிசம் தான், 9 வயசு, நாங்க முட்டுக்காட்டுல இருக்கற நீப்மெட்டுக்கு, அதான் மாற்றுத்திறனாளிங்களுக்கான மத்திய அரசு நிறுவனம், அசெஸ்மெண்டுக்கு போய் போய் அந்த ரோடு அவளுக்கு பழகிடுச்சு, எந்த டோல் கேட்டுல நிப்போம், எங்க டீ குடிப்போம்னு அவளுக்கு அத்துப்படி, அது ஒண்ணே பாதி பாரத்த கொறைக்கும். பெங்களூருன்னா திண்டிவனம் செஞ்சி திருவண்ணாமலை கிருஷ்ணகிரின்னு 300 கிலோமீட்டருக்கு மேல, வண்டில உக்காந்து உக்காந்தே பாதி புள்ள ஆயிடும். மாமல்லபுரத்துல ஒரு நாள் தங்குங்க, சனி ஞாயிறு மட்டும் வேணாம், அந்த ரெண்டு நாளும் பாண்டி கூட்டம் அங்கயும் அங்க கூட்டம் பாண்டிலயும் இருக்கும்.

டெரகோட்டா_டீச்சர்:

நான் புதுச்சேரில ஸ்பெஷல் எஜுகேட்டர், 12 வருஷமா இதே வேலை. பக்கமா தூரமான்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி பார்க்குக்கு ஒரு போன் பண்ணி, ஒரு தடவ உள்ள போயிட்டு மத்தியானம் வெளில வந்தா அதே டிக்கெட்டுல சாயந்திரம் திரும்ப விடுவாங்களான்னு கேளுங்க. ஏன்னா ஒட்டி தங்கறதுக்கு அவ்ளோ காசு குடுக்கறதே 12 மணி வெயில்ல புள்ளைக்கு தாங்கலன்னா ரூமுக்கு தூக்கிட்டு வந்து ரெண்டு மணி நேரம் இருட்டு பண்ணி படுக்க வெக்கத்தான். திரும்ப விட மாட்டாங்கன்னா அந்த காசு தண்டம், கிச்சன் இருக்கற வீடே மேல்.

அடுத்தது செக்-இன் நேரம், இதுல தான் நெறைய பேர் மாட்டுறாங்க. நைட் பஸ் புடிச்சி காலைல 5 மணிக்கு போய் எறங்குவாங்க, ஓட்டல்ல ரூம் மதியம் 2 மணிக்குன்னுவான், ஒன்பது மணி நேரம் லாபி சோபால ஒரு தூங்காத புள்ள, அதுக்கப்புறம் அந்த ட்ரிப்புல எதுவுமே நல்லா போகாது. முன்னாடி ராத்திரிக்கே சேத்து புக் பண்ணிடுங்க, காசு போனா போகுது.

உங்க பையன் தண்ணி பைத்தியம்னு சொன்னீங்களே, அதுதான் எனக்கு கவலை. ரிசார்ட்டுன்னா ஸ்விம்மிங் பூல் இருக்கும். ரூம் கதவ தொறந்தா பூல் தெரியற மாதிரி ரூம் வேணவே வேணாம், வியூ நல்லா இருக்குன்னு அவங்களே ஆசையா குடுப்பாங்க, மறுத்துடுங்க. நம்ம புள்ளைங்க நாம அசந்த நேரத்துல சத்தமே இல்லாம எழுந்து தண்ணிகிட்ட போயிடும், ஆட்டிசம் புள்ளைங்களுக்கு இதுல ஆபத்து ரொம்ப அதிகம். பூலுக்கு மறுபக்கம் கேளுங்க, கதவுக்கு மேல் தாழ்ப்பாள் இருக்கான்னு கேளுங்க, ஆன்லைன்ல காந்தம் வெச்ச குட்டி டோர் அலாரம் விக்கறாங்க, கதவு தொறந்தா கத்தும், அதுல ஒண்ணு வாங்கி பைல போட்டுக்கோங்க. அந்த சத்தத்துக்கு அவன் பயப்படுவானான்னு மட்டும் வீட்லயே ஒரு தடவ பாத்துடுங்க, உங்க எக்ஸாஸ்ட் ஃபேன் கதைய படிச்சதும் அத நெனச்சேன். சட்டை உள் பக்கம் உங்க போன் நம்பர எழுதி வெச்சிடுங்க. யூடிஐடி கார்டு, அதான் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, எடுத்திருந்தா கைலயே வெச்சிக்கோங்க, க்யூல நிக்க முடியாதுன்னா அதக் காட்டி பேசறது சுலபம்.

கடைசியா, பெங்களூருக்கு முன்னாடி பாண்டில ஒரே ஒரு ராத்திரி தங்கி பாருங்க, உங்களுக்கு 22 கிலோமீட்டர் தானே, சரியா வரலன்னா ராத்திரி 11 மணிக்கு கூட கிளம்பி வீட்டுக்கு போயிடலாம். எது அவனுக்கு ஆகல, பெட்ஷீட் வாசனையா, ஏசி சத்தமா, ரூம் ஃப்ரெஷ்னரா, அங்கயே தெரிஞ்சிடும்.

லாஸ்பேட்டை_டு_டாம்பா:

நான் பாண்டி, வீட்டுக்காரர் வேலைக்காக மூணு வருஷம் ஃப்ளோரிடால இருந்தோம், அதனால ஆர்லாண்டோ டிஸ்னி ரெண்டு தடவ போனோம், பையன் ஆட்டிசம், அப்ப 6 வயசு. முதல் தடவ மேஜிக் கிங்டமுக்கு பக்கத்துல ஏரிக்கரை ஓட்டல்ல தங்கினோம், நடந்தே போயிடலாம்னு சேத்து வெச்ச காசெல்லாம் அதுல தான் போட்டோம். போற வர்றது சுகம் தான், ஆனா ராத்திரி வாணவேடிக்கை சத்தம் ரூமுக்குள்ள வரைக்கும் வரும், நம்மூர் தீபாவளி மாதிரி, அவன் கட்டிலுக்கு அடில போயி படுத்துட்டான். ரெண்டாவது தடவ ஆர்ட் ஆஃப் அனிமேஷன்னு ஒண்ணு, அவங்க ஓட்டல்லயே மலிவு வரிசை, அதுல ஃபேமிலி சூட் எடுத்தோம், தள்ளி தான் இருக்கு ஆனா மைக்ரோவேவ் வெச்ச குட்டி கிச்சன், ரெண்டு பாத்ரூம். ரெண்டு பாத்ரூம்ன்றது எவ்ளோ பெரிய வரம்னு ஆட்டிசம் புள்ள வெச்சிருக்கவங்களுக்கு தான் தெரியும். சாதத்த சூடு பண்ணி பால் ஊத்தி பிசைஞ்சி அவன் தட்டுலயே குடுத்தேன், பிரச்சனையே இல்ல.

அங்க க்யூவுக்கு டாஸ்னு ஒண்ணு உண்டு, முன்னாடியே வீடியோ கால்ல பேசி வாங்கணும், வாங்கிட்டா லைன்ல நிக்க வேணாம், ஒரு டைம் குடுப்பாங்க அப்ப போனா போதும். 2024ல ரூல்ஸ் இறுக்கினப்ப கூட ஆட்டிசம் மாதிரி வளர்ச்சி குறைபாடுகளுக்குன்னு தான் வெச்சாங்க. நம்மூர்ல ஒவ்வொரு பார்க்கையும் தனித்தனியா தான் கேக்கணும் போல.

ராஜா_கடலூர்_ஓடி:

ஒரு ஊருக்கு போக இவ்ளோ யோசனையா, நாங்கல்லாம் கல்யாண மண்டபத்துல ஜமுக்காளத்துல படுத்து வளந்தவங்க, பழக்கினா எல்லாம் பழகும்.

கோரிமேடு_அப்பா:

தம்பி, உன் பேருல ஓடின்னு பாத்து நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுன்னு நெனச்சி ஆசையா படிச்சேன். ஓல்ட் டவுனா.

ராஜா_கடலூர்_ஓடி:

ஆமாண்ணா ஓல்ட் டவுன் தான் 😅 தெரியாம சொல்லிட்டேன், அக்கா மனசுல வெச்சிக்காதீங்க.

மஞ்சக்குப்பம்_அம்மா:

பரவால்ல தம்பி, எங்க மாமனாரும் அதே டயலாக் தான். எல்லாருக்கும் ரொம்ப நன்றி, டீச்சர் மேடம் சொன்னத வீட்டுக்காரர உக்கார வெச்சி படிச்சி காட்டினேன், பூல் விஷயத்துல அவர் முகமே மாறிடுச்சு, அவர் தான் பூல் வியூ ரூம் வேணும்னு குதிச்சிட்டு இருந்தாரு.

பெங்களூர இப்போதைக்கு தள்ளி வெச்சிட்டோம், திருப்போரூர் தான், பெரியவளுக்கு வொண்டர்லான்னா வொண்டர்லா, எந்த ஊர்னு கேக்கல. நாத்தனார் கிட்ட சொல்றதுக்கு ஒரு காரணமும் கெடச்சிது. மாமல்லபுரத்துல மூணு இடத்துக்கு போன் போட்டேன். முதல் ரெண்டு பேருக்கு நான் எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்ச பத்தி கேக்கறது என்னமோ ப்ராங்க் கால் மாதிரி இருந்திருக்கும் போல, மேடம் ரூம் சூப்பரா இருக்கும் மேடம்னே சொல்லினு இருந்தாங்க. மூணாவது இடத்துல ஒரு வயசு பையன் எடுத்தான், இருங்கக்கான்னு சொல்லிட்டு போனோட மாடி ஏறி ரூமுக்கே போயி சுவிட்ச போட்டு எனக்கு சத்தத்த கேக்க வெச்சான். அங்கயும் ஒரே சுவிட்ச் தான். நான் விஷயத்த சொன்னதும், எலக்ட்ரீஷியன விட்டு ஃபேன் வயர மட்டும் கழட்டி வெச்சிடறேன், நீங்க போனப்புறம் மாட்டிக்கறோம்னான். அங்கயே போட்டுட்டோம், முன்னாடி ராத்திரியும் சேத்து.

அதுக்கு முன்னாடி வர்ற செவ்வாக்கிழமை பாண்டில ஒத்திகை. நேத்தே அவன் தலகாணிய பைல எடுத்து வெச்சேன், காலைல பாத்தா பை காலி, தலகாணி கட்டில்ல அதே எடத்துல இருக்கு.