வெளியூர்க்காரங்களுக்கு நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தச் சுத்திக் காட்டப் போயி வாங்கிக் கட்டுன கதை இருந்தா சொல்லுங்க மக்கா

பார்வதிபுரத்தான்:
மெட்ராஸ்ல என்கூட வேலை பாக்குற பய பொண்டாட்டி பிள்ளையோட வந்தான், ரயில் லேட்டு, வீடு வந்து சேர எட்டு மணி. அம்மா வெள்ளன எந்திரிச்சு ஆப்பம் சுட்டு கடலக்கறி வச்சு மூடி வச்சிருக்கா. வந்தவங்கள உக்கார வச்சு "காப்பி குடிக்கியளா மக்களே"ன்னு கேட்டிருக்கா. அவன் ரொம்ப மரியாதையா "இல்லம்மா, எங்களுக்கு காபி டீ பழக்கமே இல்ல"ன்னுட்டான். நான் குளிச்சிட்டு நின்னேன், எனக்கு ஒண்ணும் தெரியாது, வந்ததும் கார எடுத்துட்டுக் கிளம்பியாச்சு. சுசீந்திரத்துல அந்த 18 அடி ஆஞ்சநேயர் முன்னாடி நிக்கும்போது அவன் மக பசிக்குதுன்னு ஒரே அழுகை. வீட்டுல சாப்பிடலியாடேன்னு கேட்டா, "யாரும் சாப்பிடவே சொல்லலியேடா"ங்கான். நம்ம ஊர்ல காப்பி குடின்னா காலைச் சாப்பாடுன்னு அவனுக்கு எங்க தெரியும்? ராத்திரி வந்து பாத்தா ஆப்பம் ஓரம் காஞ்சு அப்படியே கிடக்கு. அம்மா இன்னும் "பெரிய இடத்துப் பிள்ளைக, நம்ம வீட்டுல கை நனைக்கல"ன்னுதான் சொல்லிட்டுத் திரியா. விளக்கிச் சொல்லியாச்சு, நம்பினாத்தானே.

மேக்க உள்ளவன்:
இதுக்கே இப்படின்னா, தண்ணிய வெள்ளம்னு சொல்லுக எங்க பக்கம் வந்து "வெள்ளம் வேணுமா"ன்னு கேட்டா அவன் ஓடியே போயிருப்பான். என் கதை மாத்தூர் தொட்டிப்பாலம். கோயம்புத்தூர்ல இருந்து வந்த மாமியார். பாதிப் பாலம் நல்லா பேசிட்டுதான் வந்தாங்க. ஒரு பக்கம் தொட்டியில தண்ணி ஓடுது, இந்தப் பக்கம் கைப்பிடிச் சுவர், எட்டிப் பாத்தா தென்னை மரத்து மண்டை எல்லாம் காலுக்குக் கீழ கிடக்கு. அத ஒருதரம் பாத்தாங்க, முந்தானைய இடுப்புல சொருகுனாங்க, அப்படியே தரையில உக்காந்துட்டாங்க. முன்னாடியும் வரல, பின்னாடியும் போகல. 115 அடி உயரம்னு நான் அப்பதான் வாய வச்சிட்டு சும்மா இருக்காம சொல்லியிருந்தேன். அரை மணிக்கூர் கழிச்சு கண்ண மூடிட்டு என் சட்டையப் பிடிச்சுகிட்டே வந்தாங்க. ஊருக்குப் போனதுல இருந்து பேச்சு குறைஞ்சிருக்கு.

பென்ஷன் வாத்தியார்:
என் அனுபவம் சின்னது. சம்பந்தி வீட்டாரை பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிட்டுப் போனேன், திங்கக்கிழமை, லீவு. சம்பந்தி பூட்டுன கதவப் பாத்துட்டு "வேலைப்பாடு நல்லாருக்கு"ன்னு சொன்னாரு பாருங்க, அது இன்னும் காதுலயே நிக்கி.

அதனால சொல்லுகேன், எல்லாரும் கவனிங்க. அரண்மனை இருக்கது நம்ம தக்கலை பக்கம்னாலும் பாத்துக்கிடுகது கேரள தொல்லியல் துறை, திங்கள் கிடையாது, மத்தியானம் சாப்பாட்டு நேரம் ஒரு மணியில இருந்து ரெண்டு மணி வரை அடைச்சிருவாங்க. சுசீந்திரத்துல ஆம்பிளைங்க சட்டையக் கழத்தணும், வெளியூர்க்காரங்ககிட்ட முன்கூட்டியே சொல்லிருங்க, அங்க போயி பனியன் கிழிஞ்சிருக்குன்னு முழிக்க வேண்டாம். கன்னியாகுமரியில படகுக்குக் காலையில முத ஆளா வரிசையில நில்லுங்க. முன்ன எல்லாம் கடல்ல தண்ணி வத்துனா விவேகானந்தர் பாறையோட சரி, வள்ளுவர் சிலைக்குப் படகு போகாது. 2024 டிசம்பர் 30ல கண்ணாடிப் பாலம் திறந்தப்புறம் அந்தத் தொல்லை இல்ல, 77 மீட்டர், நடந்தே போயிரலாம். சிலை ஏன் 133 அடின்னு பிள்ளைககிட்ட கேளுங்க, அதிகாரம் எத்தனைன்னு தெரியுதான்னு பாருங்க. தோவாளை பூச்சந்தைக்கு வெள்ளனயே போகணும், வெயில் ஏறினா ஒண்ணும் இருக்காது. சாயங்காலம் கன்னியாகுமரியிலயே நின்னு சூரியன் மறையுறதப் பாத்துட்டுத் திரும்புனா ஒரு நாள் கணக்கு முடிஞ்சுது.

குளச்சல் அக்கா:
வாத்தியாரய்யா, கோவிச்சுக்கிடாதீங்க. மே லீவுலதான் எல்லாரும் வாராங்க, அப்ப சூரியன் வடக்க சாஞ்சு கரைப் பக்கமாதான் மறையும். கடலுக்குள்ள இறங்குகத பாக்கணும்னா முட்டத்துக்குக் கூட்டிட்டு வாங்க, எந்த மாசம் வந்தாலும் கடல்லதான் விழும்.

எனக்கு உறுத்துகது வேற. மதுரையில இருந்து வந்த தோழி, வஞ்சிரம் சாப்பிடணும்னே விரதம் இருந்து வந்தவ. ஓட்டல்ல பரிமாறுகவன் சின்னப் பய, "வஞ்சிரம் இல்லக்கா"ன்னுட்டான். இவ மூஞ்சி தொங்கிப் போயி சாளை பொரிச்சது வாங்கித் தின்னா. நான் கை கழுவிட்டு வரும்போது பாக்கேன், அவ முதுகுக்குப் பின்னாடி தட்டுல மசாலா தடவி வரிசையா அடுக்கி வச்சிருக்கு நெய்மீன்! ரெண்டும் ஒரே மீன்தான்னு அந்தப் பயலுக்கும் தெரியல, இவளுக்கும் தெரியல. பஸ்ஸுக்கு நேரமாச்சு. நான் அவகிட்ட சொல்லவே இல்ல, இன்னைக்கு வரைக்கும்.

கோட்டாறு பய:
அக்கா, சாளைய கேவலமா பேசாதீங்க, மரச்சீனி (மரவள்ளி) கிழங்குக்கு அத மிஞ்ச ஒண்ணு கிடையாது. நெய்மீன் பணக்காரன் மீன்.

நான் சென்னை மச்சானை ஏத்தங்கா (நேந்திரங்காய்) சிப்ஸ் போடுற இடத்துக்கே கூட்டிட்டுப் போனேன். சீவுகவரு காய நேரா சட்டிக்கு மேல பிடிச்சு சரசரன்னு இழைக்காரு, தேங்கா எண்ணெயில வட்டம் வட்டமா விழுகு, இவன் வீடியோ எடுத்துட்டு குனியிறான். அவரு ஒண்ணும் சொல்லாம உப்புத் தண்ணிய எடுத்து கொதிக்கிற எண்ணெயில ஒரு வீசு. சடசடன்னு எண்ணெ பொங்கி மேல வந்துச்சு பாருங்க, மச்சான் போன அங்கயே போட்டுட்டு ரோட்டுக்கு ஓடிட்டான். அவரு சத்தம் அடங்குனதும் ரெண்ட எடுத்துக் காகிதத்துல வச்சு நீட்டுகாரு, "தின்னு பாருங்க, உப்பு பிடிச்சிருக்கா"ங்காரு. பிறவு ரெண்டு கிலோ வாங்கிட்டுப் போனான். மட்டிப்பழமும் ஒரு தார் கேட்டான், 2023ல புவிசார் குறியீடு கிடைச்ச பழமாமேன்னு எனக்கே பாடம் எடுத்தான். தோல் ரொம்ப மெலிசு, மெட்ராஸ் போய்ச் சேருமுன்ன கறுத்துரும்னு சொன்னேன், கேக்கல. ரயில்ல என்ன ஆச்சுன்னு கேட்டா இப்ப போன எடுக்க மாட்டேங்கான்.

பார்வதிபுரத்தான்:
வாத்தியாரய்யா, நான் வழி கேக்கலய்யா. அந்தப் பய அடுத்த மாசம் மறுபடி வாரான். அம்மா இந்தத் தடவை அடுப்பு பத்த வைக்க மாட்டேன்னு நிக்கா, அதுக்கு யாராவது ஒரு வழி சொல்லுங்க.

மேக்க உள்ளவன்:
புட்டும் பயறும் பப்படமும் வைக்கச் சொல்லு. ஒண்ணும் கேக்காம தட்டப் போடச் சொல்லு.