காதுகுத்துக் குழுவில் ஒரு பத்து மதிப்பெண் கேள்வி

குழு: மகிழன் காதுகுத்து – ரத்தினகிரி
புதன்கிழமை, மாலை 6:40

பிரபு அண்ணன்: ஞாயிறு காலை 9 முதல் 10:30க்குள் காது குத்த வேண்டும். யார் வீட்டில் எத்தனை பேர் என்று இன்றைக்குள் சொல்லிவிடுங்கள். ஆம்பூர் பிரியாணி மாஸ்டர் முன்பணம் கேட்கிறார்.

சித்தப்பா: நாங்கள் 4. மட்டன்தானே?

பெரியம்மா: முருகனைப் பார்த்துவிட்டு வந்து மட்டனா?

சித்தப்பா: மலையிலா சாப்பிடப் போகிறோம் அண்ணி? கீழே மண்டபத்தில்தானே.

பெரியம்மா: எங்கே சாப்பிட்டாலும் அன்றைக்குத்தானே.

கயல்: பெரியப்பா, போன் எடுக்கவில்லையே. வெள்ளிக்கிழமை எனக்கு வரலாறு பரீட்சை. இதைக் கொஞ்சம் பாருங்கள்.

கயல்: [புகைப்படம்]

கயல்: மாதிரித் தேர்வு. “வேலூர்ப் புரட்சியையும் 1857 பெருங்கிளர்ச்சியையும் ஒப்பிட்டு வேறுபடுத்துக.” மூன்றரைப் பக்கம் எழுதினேன். 10க்கு 4.

கயல்: கடைசியில் சிவப்பு மையில் “இரண்டு கதையும் நன்று. ஒப்பீடு எங்கே?” என்று எழுதியிருக்கிறார்கள். தேதி எல்லாம் சரியாகத்தான் எழுதினேன். எதற்கு 6 மதிப்பெண் போனது என்றே புரியவில்லை.

அம்மா: மூன்றரைப் பக்கத்துக்கு 4 தானா?

சித்தப்பா: நம் ஊர்க் கோட்டையைப் பற்றி எழுதி 4 வாங்கினாயா?

பெரியப்பா: இப்போதுதான் பார்த்தேன். பேரனுக்குக் கடுக்கன் வாங்கக் கடைக்குப் போயிருந்தோம்.

பெரியப்பா: [குரல் பதிவு 6:18]

அத்தை: அண்ணா, எழுதுங்கள். கடையில் ஆள் இருக்கிறார்கள், கேட்க முடியாது.

பெரியப்பா: சரி, எழுதுகிறேன். கயல், உன் விடைத்தாளைப் பார்த்தேன். முதல் இரண்டு பக்கம் முழுவதும் வேலூர். 1806 ஜூலை 10, புதுத் தலைப்பாகை, கோட்டையில் காவலில் இருந்த திப்புவின் பிள்ளைகள், அடக்க வந்த கில்லஸ்பி. ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த ஒன்றரைப் பக்கம் 1857. மீரட், டெல்லி, ஜான்சி ராணி. ஒன்றில்கூடப் பிழை இல்லை. ஆனால் அந்தக் கோட்டுக்கு மேலே இருப்பதும் கீழே இருப்பதும் ஒன்றோடு ஒன்று பேசவே இல்லை. இரண்டையும் படித்துச் சேர்த்துப் பார்க்கிற வேலையைத் திருத்துகிறவரிடம் விட்டுவிட்டாய். 6 மதிப்பெண் அந்த வேலைக்குத்தான்.

கயல்: அப்படியென்றால் அட்டவணை போடலாமா பெரியப்பா?

பெரியப்பா: அட்டவணை போட்டால் குறிப்பு. கட்டுரையில் வாக்கியம் வேண்டும். முதலில் ஒரு காரணத்தை எடுத்துக்கொள். வேலூரில் புதிய உடை விதி வந்தது. சீருடையில் இருக்கும்போது நெற்றியில் சமயக் குறி கூடாது, காதில் அணி கூடாது, தாடியை மழிக்க வேண்டும்

அத்தை: காதில் அணி கூடாதா?

பெரியப்பா: ஆமாம். கடுக்கன் போடக்கூடாது. அதற்கு மேல் தோல் குஞ்சம் வைத்த தலைப்பாகை வேறு. அக்னியூ என்ற அதிகாரியின் பெயரில் அதை அக்னியூ தலைப்பாகை என்பார்கள்.

பெரியம்மா: குழந்தைக்கு இன்றைக்குத்தான் கடுக்கன் வாங்கினோம்.

பிரபு அண்ணன்: எத்தனை பேர் என்று கேட்டேன். அப்பா, தயவுசெய்து.

சித்தப்பா: அண்ணா, என்ன தோல் அது?

பெரியப்பா: மாட்டுத் தோல் என்று ஒரு பேச்சு, பன்றித் தோல் என்று ஒரு பேச்சு.

சித்தப்பா: பார்த்தாலே தெரியுமே. பன்றித் தோலில் மயிர்த்துளைகள் மூன்று மூன்றாகச் சேர்ந்து இருக்கும். மாட்டுத் தோலில் அப்படி இருக்காது. இருபது வருடமாக ஃபேக்டரியில் தடவிப் பார்க்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

பெரியப்பா: நீ சொல்வாய். அவர்கள் நம்பினார்களே, அதுதான் விஷயம். கயல், இதைப் பிடித்துக்கொள். 1857இல் என்ன? என்ஃபீல்டு துப்பாக்கித் தோட்டா. பல்லால் கடித்துத் திறக்க வேண்டும். உறையில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் என்று பேச்சு. ஐம்பது வருட இடைவெளியில் அதே இரண்டு விலங்கு, அதே அச்சம், தன் மதம் போய்விடும் என்று. ஒரு பொருள் தலையில், இன்னொன்று வாயில். இதை ஒரே பத்தியில் எழுது. இதுதான் ஒப்பீடு.

கயல்: ஓ

கயல்: இது நன்றாக இருக்கிறது பெரியப்பா.

அப்பா: நாங்கள் 3. கயல் பரீட்சை முடிந்து வந்தால்.

அம்மா: வராமல்? வெள்ளியே முடிந்துவிடுகிறது.

அத்தை: கயல், ஒன்று அனுப்புகிறேன் பார்.

அத்தை: [புகைப்படம்]

கயல்: இது உங்கள் அளவு நோட்டு.

அத்தை: ஆமாம். இன்று காலை அக்கா, தங்கை இருவர் வந்தார்கள். ஒரே துணியில் இரண்டு ரவிக்கை. இடது ஓரத்தைப் பார். உயரம், தோள், மார்பு, இடுப்பு, கை நீளம், கைச் சுற்று, முன் கழுத்து, பின் கழுத்து. எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் இதே வரிசைதான். அக்காவுக்கு உயரம் 14, தங்கைக்கு பதிமூன்றரை. தோள் இருவருக்கும் 14. இப்படி எழுதினால்தான் துணியில் கத்தரி வைக்க முடியும். ஒருத்தியைப் பற்றி ஒரு பக்கம், இன்னொருத்தியைப் பற்றி ஒரு பக்கம் என்று நினைவுக்கு வந்ததை எழுதிவைத்தால் எதை வெட்டுவது? நீ முதலில் இடது ஓரத்தை எழுது.

பெரியப்பா: செல்வி, முப்பத்திரண்டு வருடம் பாடம் நடத்தினேன். இவ்வளவு தெளிவாக நான் சொன்னதில்லை.

சித்தப்பா: அக்கா பிளஸ் டூவில் வரலாற்றில் பள்ளி முதல்.

அத்தை: 200க்கு 172. தாள் இன்னும் பெட்டியில் இருக்கிறது. அண்ணனுக்குக் காலேஜ், எனக்குத் தையல் மிஷின்.

அப்பா: அக்கா, இப்போது எதற்கு அது.

அத்தை: ஒன்றுமில்லை. தம்பி சொன்னான், நானும் சொன்னேன்.

பெரியம்மா: தாய்மாமன் வருகிறாரா பிரபு? ஓசூரிலிருந்து ஒன்றும் பதில் இல்லையே. யார் மடியில் உட்காரவைப்பது?

பிரபு அண்ணன்: லீவு கேட்டிருக்கிறாராம்.

பெரியம்மா: லீவு கேட்டிருக்கிறார் என்றால் வருகிறார் என்று அர்த்தமா?

கயல்: அத்தை, இடது ஓரம் எழுதினேன். 1 எதனால் கோபம், 2 எப்படித் தொடங்கியது, 3 யாரை அரசர் என்றார்கள், 4 வெளியே யார் சேர்ந்தார்கள், 5 எவ்வளவு நாள், 6 அப்புறம் ஆங்கிலேயர் எதை மாற்றினார்கள்.

அத்தை: இப்போது அளவு எடு.

கயல்: 3ஆவது எனக்கே தெரியும். வேலூரில் திப்புவின் மகன் பத்தே ஹைதர். கோட்டையில் மைசூர்ப் புலிக்கொடி ஏற்றினார்கள். 1857இல் டெல்லியில் முகலாய அரசர் பகதூர் ஷா ஜாபர். இரண்டு இடத்திலும் புதிதாக யாரையும் தேடவில்லை, பழைய அரச வீட்டுக்குத்தான் போனார்கள். சரியா பெரியப்பா?

பெரியப்பா: சரியோ சரி. இன்னொன்றும் சேர்த்துக்கொள். இரண்டு வீட்டாரையும் பிறகு தொலைதூரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். திப்புவின் குடும்பம் கல்கத்தாவுக்கு, ஜாபர் ரங்கூனுக்கு. அவர் 1862இல் அங்கேயே இறந்தார்.

அத்தை: ஊரைவிட்டே எடுத்துவிட்டார்கள்.

பெரியப்பா: 2ஆவதற்கு வருகிறேன். வேலூரில் விடியற்காலை இரண்டு மணிக்கு மேல், எல்லோரும் தூங்கும்போது தொடங்கியது. முந்தின நாள் கோட்டைக்குள் திப்புவின் மகள் கல்யாணம். கோட்டைத் தளபதி பேன்கோர்ட் கொல்லப்பட்டார். மீரட்டில் தோட்டாவைத் தொட மறுத்த 85 சிப்பாய்களுக்கு விலங்கு பூட்டினார்கள். மறுநாள், மே 10, ஞாயிறு மாலை, மற்றவர்கள் எழுந்தார்கள். இரவோடு இரவாக டெல்லிக்குக் கிளம்பி 11ஆம் தேதி போய்ச் சேர்ந்தார்கள். அங்கேதான் பெரிய வேறுபாடு கயல். மீரட்டில் எழுந்தவர்கள் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். வேலூரில் எழுந்தவர்கள் கோட்டைக்குள்ளேயே நின்றார்கள். ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்தார், பீரங்கியால் கதவைப் பிளந்தார், பகலுக்குள் எல்லாம் முடிந்தது. 1857இல் டெல்லியை மீட்கவே செப்டம்பர் ஆனது. ஜான்சி ராணி இறந்தது 1858 ஜூனில்.

சித்தப்பா: நம் முப்பாட்டன் அன்றைக்கு அகழியில் குதித்துத் தப்பித்தார். அதை எழுது கயல்.

பெரியப்பா: அதை எழுதாதே. ஆதாரம் இல்லை.

சித்தப்பா: அப்பா சொன்னது ஆதாரம் இல்லையா?

அத்தை: தம்பி, அப்பா என்னிடம் சொன்னது வேறு. முப்பாட்டன் ஆற்காட்டில் வெள்ளைக்காரன் குதிரைக்குப் புல் அறுத்தவர் என்றார்.

சித்தப்பா: என்னக்கா சொல்கிறாய்!

அத்தை: வெந்நீர் அடுப்பு பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

சித்தப்பா: அப்படியென்றால் கில்லஸ்பி பக்கமா?

அப்பா: என்னிடம் இரண்டையும் சொல்லியிருக்கிறார்.

பெரியப்பா: ஞாயிறு ஆயாவிடம் கேட்போம். எண்பது வயதிலும் தாத்தா சொன்னதெல்லாம் அவருக்கு அப்படியே இருக்கிறது. பரீட்சையில் மட்டும் வேண்டாம்.

அத்தை: அண்ணா, 4ஆவது எனக்குப் புரியவில்லை. 1857இல் வடக்கே ஊரே சேர்ந்தது என்கிறார்கள். இங்கே கோட்டைக்கு வெளியே பேட்டை இருந்தது, கடைத்தெரு இருந்தது. ஏன் யாரும் வரவில்லை?

பெரியப்பா: இதுதான் செல்வி கேள்வி.

பெரியப்பா: இதற்கு விடை எழுதுகிற பிள்ளைக்குத்தான் 8, 9 போடுவேன். ஒன்று, நேரம். ஊர் எழுந்து என்ன என்று கேட்பதற்குள் முடிந்துவிட்டது. இரண்டு, வடக்கே சிப்பாயின் கோபமும் அவன் வீட்டுக் கோபமும் ஒன்று. வங்காளப் படையில் நிறையப் பேர் அவத் நாட்டுக்காரர்கள். 1856இல் அவத்தையே கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்துக்கொண்டது. தலைமை ஆளுநர் டல்ஹவுசி வாரிசு இல்லை என்று சொல்லி சதாரா, ஜான்சி, நாக்பூர் என்று எடுத்தான். அரசர், ஜமீன்தார், விவசாயி, சிப்பாய் எல்லோருக்கும் ஆளுக்கொரு காயம். அதனால் கான்பூரில் நானா சாகிப், லக்னோவில் பேகம் ஹஸ்ரத் மகால், பீகாரில் கன்வர் சிங். மூன்று, இங்கே அப்படி எழுந்திருக்கக்கூடியவர்களை முன்பே முடித்துவிட்டார்கள். கட்டபொம்மன் 1799, மருது சகோதரர்கள் 1801. வேலூர்ச் சிப்பாய் எழுந்தபோது அவனுக்குத் துணையாக வர வெளியே பாளையக்காரர் யாரும் மிச்சமில்லை.

அத்தை: அதுதானா.

அத்தை: இதை எனக்கு யாரும் சொன்னதில்லை.

பெரியப்பா: செல்வி, அப்பா உன்னை நிறுத்தியபோது நான் ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டும்.

அம்மா: மாமா, திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வயது கேட்பதில்லையே. அண்ணி சேரலாம்.

பெரியம்மா: சேரட்டுமே.

அத்தை: தீபாவளித் துணி வருகிற நேரம். அப்புறம் பார்க்கலாம்.

பிரபு அண்ணன்: இதுவரை 31. அத்தை வீட்டில் எத்தனை?

அத்தை: நான் மட்டும். மாமாவுக்கு டூட்டி.

கயல்: 6ஆவது. வேலூருக்குப் பிறகு உடை விதியை ரத்து செய்தார்கள், சென்னை கவர்னர் பெண்டிங்கையும் தளபதி கிரடாக்கையும் திரும்ப அழைத்தார்கள். 1857க்குப் பிறகு கம்பெனி ஆட்சியே போய் 1858இல் நேரடியாக ராணி ஆட்சி. முதல் தடவை ஆளை மாற்றினார்கள், இரண்டாம் தடவை ஆட்சியையே மாற்றினார்கள். இப்படி எழுதலாமா?

பெரியப்பா: எழுது. அடிக்கோடு போட்டு எழுது. அந்த பெண்டிங்க்தான் பிறகு தலைமை ஆளுநராகத் திரும்பி வந்து 1829இல் சதி என்கிற உடன்கட்டை ஏறுதலைத் தடை செய்தவர். ஆனால் அதை எழுத ஆரம்பித்தால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும். அப்புறம், கலகமா புரட்சியா என்று தடுமாறாதே. கேள்வித்தாளில் இருக்கிற பெயரையே எழுது. தொடக்கத்தில் ராணுவம் என்றால் என்ன என்று அரைப் பக்கம் வேண்டாம், உன் முடிவை முதல் வரியிலேயே சொல்லிவிடு. நேரத்தையும் பார், 10 மதிப்பெண்ணுக்கு 20 நிமிடத்துக்கு மேல் போகாதே, அதில் முதல் 3 நிமிடம் செல்வி சொன்ன இடது ஓரத்துக்கு. கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொள். “அதேபோல”, “மாறாக” என்ற சொற்களைப் பத்திக்கு ஒன்றாவது வை, ஆனால் வேறுபாடு இல்லாத இடத்தில் “மாறாக” போடாதே, நிறையப் பேர்

சித்தப்பா: அண்ணா, பிள்ளை தூங்க வேண்டாமா?

கயல்: முதல் வரி எழுதிவிட்டேன் பெரியப்பா. “வேலூரிலும் மீரட்டிலும் சிப்பாயை எழ வைத்தது ஒரே அச்சம்தான், ஆனால் வேலூரில் அவன் தனியாக நின்றான், வடக்கே அவன் பின்னால் நாட்டின் ஒரு பகுதியே எழுந்தது.”

அத்தை: தனியாக நின்றான். அதை மாற்றாதே.

பெரியப்பா: நன்றாக இருக்கிறது.

அப்பா: ஞாயிறு வேன் எத்தனை மணிக்கு?

பெரியம்மா: 6.

சித்தப்பா: 6 மணிக்கு ஆம்பூரிலிருந்து எப்படி வருவது? 7.

பிரபு அண்ணன்: நாளை சொல்கிறேன். ஓசூரிலிருந்து பதில் வரட்டும்.

அத்தை: கயல், ஞாயிறு வரும்போது ஒரு நோட்டு எடுத்து வா. ஆயா சொல்வதை எழுதிக்கொள். சித்தப்பா சொல்வது ஒரு பக்கம், நான் சொல்வது ஒரு பக்கம்.

கயல்: இடது ஓரம் போட்டு எடுத்து வருகிறேன் அத்தை.

பிரபு அண்ணன்: 32. மட்டனா, சாம்பார் சாதமா?

சித்தப்பா: மட்டன்.

பெரியம்மா: பிரபு, எனக்குப் போன் பண்ணு.