மயில்வாகனம் என்ற பெயர் குறித்து உறவுகளின் உதவி வேண்டும்

மண்டூரைச் சேர்ந்த எங்கள் வீட்டில் சென்ற வாரம் ஆண் குழந்தை பிறந்துள்ளது. என் அப்பப்பாவின் பெயரான மயில்வாகனம் என்பதையே குழந்தைக்கு வைக்க விரும்புகிறேன். அவருடைய பித்தளைச் செம்பின் கழுத்தில் புள்ளி புள்ளியாக வெட்டப்பட்ட அந்தப் பெயரைத் தடவித்தான் நான் எழுத்துக் கூட்டவே பழகினேன்.

சொல்லாகப் பார்த்தால் மயிலாகிய வாகனம் என்றே பொருள்படும். ஆயினும் ஆளுக்கு இடும்போது மயிலை வாகனமாக உடைய முருகனையே அது குறிக்கிறது. 1892இல் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளுக்குப் பெற்றோர் இட்ட பெயரும் இதுவே என்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சி. ஆனால் இன்று இப்பெயரைப் பெரும்பாலும் தந்தையரின் பெயராக, முதலெழுத்தாக மட்டுமே காண்கிறேன். பாடசாலைப் பிள்ளை எவருக்கும் இப்பெயர் இருப்பதாக நான் கேட்டதில்லை.

ஆகவே மட்டக்களப்பு, அம்பாறை உறவுகளே, உங்கள் குடும்பத்தில் முப்பது வயதுக்குட்பட்ட மயில்வாகனம் எவரேனும் இருந்தால், அவரை வீட்டில் எப்படிச் சுருக்கி அழைக்கிறீர்கள் என்றும், ஆங்கிலத்தில் வாகனம் என்பதற்கு ‘எச்’ எழுத்தை இடுகிறீர்களா ‘ஜி’ எழுத்தை இடுகிறீர்களா என்றும் தயவுசெய்து எழுதுங்கள். மயில்வாகனன் என ‘அன்’ விகுதியோடு வைப்பதே பொருத்தம் என்கிறார் என் மைத்துனர். எனக்கோ செம்பில் உள்ளபடியே வைக்க ஆசை. தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்கள் இதைப் பற்றிச் சொன்னால் பெரிதும் நன்றியுடையவனாவேன். பிறப்புப் பதிவுக்கு முன் முடிவெடுக்க வேண்டியுள்ளது.