கவுன்டி லிஸ்ட்ல நிறைய பண்ணைக்கு ஒரே 20,833 டாலர், எப்படி?

கயல்:
நாங்க அமெரிக்காவுல அயோவா மாநிலத்து வடமேற்குல ஒரு கிராமத்துப் பக்கம் இருக்கோம், சுத்தி சோளமும் பன்னிக் கொட்டகையும்தான். கோவிட் டைம்ல அரசாங்கம் குடுத்த பிபிபி லோன் (சின்னத் தொழில்கள் சம்பளம் குடுக்க, தள்ளுபடி ஆகக்கூடிய கடன்) லிஸ்ட்டை எங்க கவுன்டிக்கு, அதாவது மாவட்டத்துக்கு மட்டும் பிரிச்சுப் பாத்தேன், பண்ணை பண்ணையா பேர் வருது, நிறைய பேருக்கு அச்சடிச்ச மாதிரி 20,833 டாலர், வேலையாள் 1, தள்ளுபடியும் ஆயிருக்கு. பக்கத்துப் பண்ணைப் பெரியவர் பேரும் இருக்கு. எங்க கார் பனியில சிக்குனா டிராக்டரோட வந்து நிக்கிற மனுஷன் அவர், தப்பா நினைக்க மனசு வரல, ஆனா விளைச்சல் நிக்கவே இல்லயே, எதுக்கு இந்தக் காசு?

மணி:
டாக்ஸ் ஃபைல் பண்றதுதான் என் வேலை, பண்ணைக் கணக்கு நிறைய பாத்திருக்கேன். தனி ஆளா நடத்துறவங்களுக்கு வருஷ வருமானத்துல 1,00,000 டாலர் வரைக்கும்தான் கணக்குல எடுத்தாங்க, அதை 12ஆல வகுத்து இரண்டரையால (ரெண்டரை மாச வருமானம்) பெருக்குங்க, 20,833 வந்துடும். 2020 ஏப்ரல்ல ஆரம்பிச்சப்ப ஷெட்யூல் எஃப்ல (பண்ணை வரவு செலவு காட்டுற வரி ஃபாரம்) இருக்கிற நிகர லாபத்தை வச்சு கணக்கு போட்டாங்க, டிராக்டர் தேய்மானம் எல்லாம் கழிச்சா பல பண்ணை காகிதத்துல நஷ்டம்தான், அதனால ஒண்ணும் கிடைக்கல. டிசம்பர்ல வந்த சட்டம் மொத்த வருமானத்தையே எடுத்துக்கலாம்னு மாத்துச்சு. சோளமும் சோயாவும் வித்தா லட்சம் தாண்டிடும் (உரம், விதை, குத்தகை போக மிஞ்சுறது வேற கதை), அதான் அத்தனை பேரும் வரம்புல முட்டி நிக்கிறாங்க. இல்லாத பண்ணை பேர்ல சிலர் ஆன்லைன்ல வாங்குனது நியூஸ்லயே வந்துச்சு, ஆனா இந்த நம்பரை மட்டும் பாத்து யாரையும் சந்தேகப்படாதீங்க.

செந்தில்:
அக்கா, நீங்க பாத்தது ஒரு பக்கம்தான். பெரிய காசு வேளாண் துறையோட சிஎஃப்ஏபி (விவசாயிகளுக்கு நேரடியா குடுத்த கோவிட் உதவி), கவுன்டியில இருக்கிற அந்தத் துறையோட எஃப்எஸ்ஏ ஆபீஸ் வழியா போச்சு, முதல் ரவுண்டுக்கு மட்டும் 1,600 கோடி டாலர் ஒதுக்குனாங்க. ரெண்டாவது ரவுண்டுல பன்னிக்கு தலைக்கு 23 டாலர், கறி மாட்டுக்கு 55, சோளத்துக்கு ஏக்கருக்கு குறைஞ்சது 15. தலையையும் ஏக்கரையும் எண்ணிக் குடுத்தா யாருக்கு அதிகம் போகும்னு சொல்லவே வேணாம். ஆளுக்கு 2,50,000 வரம்பு, கம்பெனியா பதிஞ்சு மூணு பங்குதாரர் பண்ணையில உழைக்கிறதா காட்டுனா 7,50,000. இது எனக்கு நியாயமா படல.

ஆனா "எதுக்கு"ன்னு கேக்குறீங்கல்ல, நான் அப்ப தீவனம் ஏத்திட்டுப் போற வேலையில இருந்தேன். 2020 ஏப்ரல்ல பக்கத்து மாநிலம் சவுத் டகோட்டாவுல, சியூ ஃபால்ஸ்ல இருந்த பெரிய கறி ஆலையை மூடிட்டாங்க, விற்பனைக்கு ரெடியா இருந்த பன்னி போக இடமில்ல, நாளுக்கு ரெண்டு பவுண்டு எடை ஏறிட்டே இருக்கு, பின்னாடி அடுத்த குட்டி செட் வந்து நிக்குது. வளர்த்தவங்களே கொல்ல வேண்டி வந்துச்சு. அந்தக் கொட்டகை வாசல்ல யாரும் பேசிக்கல.

அதுலயும் கான்ட்ராக்ட்ல வளர்க்கிறவங்க நிலைமை மோசம். கொட்டகையும் பேங்க் கடனும் இவங்களோடது, பன்னி கம்பெனியோடது. பன்னி சொந்தம் இல்லன்னு 2020ல சிஎஃப்ஏபி ஒரு டாலர் கிடையாது. அப்புறம் சட்டம் மாறி, 2021லதான் விண்ணப்பம் வாங்க ஆரம்பிச்சாங்க, பேங்க் தவணை அதுவரைக்கும் காத்திருக்குமா?

கயல்:
செந்தில், சாயங்காலம் பெரியவரைப் பாத்தப்ப பேச்சுவாக்குல கேட்டேன். அவருதும் கான்ட்ராக்ட் கொட்டகைதானாம், அந்த 20,833 தவணைக்கே போயிடுச்சுன்னார். மூணு மாசம் கொட்டகை காலியா கிடந்ததாம். சிஎஃப்ஏபி லிஸ்ட்டும் கவுன்டி வாரியா பாக்க முடியுமா?

மணி:
முடியும்மா, என்விரான்மென்டல் வொர்க்கிங் குரூப்னு பண்ணை மானியக் கணக்கை வெளியிடுற ஒரு தனியார் அமைப்போட சைட்ல இருக்கு. ஒரே குடும்பம் அப்பா, மகன், கம்பெனின்னு தனித்தனியா வரும், கூட்டிப் பாருங்க.