தவக்காலத் துணி ஓவியம்: பெயின்ட் வெடிக்கிறது, வழி சொல்லுங்க

எங்கள் பங்கு இளையோர் ஒப்புரவு (பாவமன்னிப்பு) வழிபாட்டுக்காக 6க்கு 4 அடி காடாத் துணியில் ஊதாரி மைந்தனை (லூக்கா 15: சொத்தை அழித்துவிட்டுத் திரும்பும் மகனைத் தந்தை ஓடிவந்து ஏற்கும் உவமை) வரைகிறார்கள். அடிப்பூச்சு: மரவேலைப் பசை 1 பங்கு, சாக் பவுடர் 2, தண்ணீர் 1. மேலே அக்ரிலிக். படம் வெளிப்பக்கம் இருக்கும்படி 4 அங்குலக் குழாயில் சுருட்டியும் வெடிக்கிறது, அதுவும் தந்தை ஓடிவரும் கால் பக்கமே! பவுடர் கூடினால் பூச்சு விறைக்கும். பாதியாகக் குறைத்தால் போதுமா, அடிப்பூச்சே இல்லாமல் ஃபேப்ரிக் மீடியம் (பெயின்ட் துணியில் விறைக்காமல் பிடிக்கக் கலக்கும் திரவம்) கலந்து நேரே தீட்டலாமா?

இன்னொன்று. மகன் யோசித்து வைத்த மன்னிப்பில் ‘என்னைக் கூலியாளாக வைத்துக்கொள்ளும்’ என்ற பகுதியைச் சொல்லவே தந்தை விடுவதில்லை (19, 21 வசனங்கள்). அந்த இடைமறிப்பை எப்படி வரைவது? மகனின் வாயைப் பாதி திறந்து வைத்தால் பாடுவதுபோல் இருக்கிறது.